மருந்துவாழ்மலைக் காற்றும் ஃப்ரிட்ஜில் வைத்த சட்னியும்

"நம்ம ஊரு ஒடம்புக்கு அதெல்லாம் ஒண்ணும் செய்யாது மக்கா..."

மயிலாடிப் பக்கம் எந்த நோயைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் இந்த வாக்கியத்தில்தான் வந்து முட்டும். காரணமும் கையோடு வரும். பக்கத்திலேயே மருந்துவாழ்மலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது உடைந்து விழுந்த துண்டு அது என்பது ஐதீகம். அந்த மூலிகைக் காற்றைச் சுவாசித்து, கருங்கல்லோடும் உளியோடும் மல்லுக்கட்டி வளர்ந்த உடம்பாம். கிருமியாவது ஒண்ணாவது!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஊர்ப்பெருமை யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அதே தெருவில் சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவர் இருப்பார். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டியபடி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அக்கா ஒருவர் இருப்பார். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போகிறவர், மூட்டுவாதத்துக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குகிறவர், எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர் என்று தேடினால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பட்டியல் தேறும். "ஒண்ணும் செய்யாது" என்ற அந்த வாக்கியம் இவர்கள் காதிலும் விழுகிறது. இவர்கள் வீட்டில் சமைக்கிறவர்களும் அதை நம்புகிறார்கள். சண்டை அந்த நம்பிக்கையோடுதான்.

சண்டைக்குக் காரணமான கிருமியின் பெயர் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். 1926-ல் கேம்பிரிட்ஜில், ஆய்வகத்தில் வளர்த்த முயல்களும் கினிப்பன்றிகளும் திடீரெனச் செத்து விழுந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. இப்போதைய பெயர் பின்னால் வந்தது, அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரின் நினைவாக. கிருமியை ஒழிக்க வழி சொன்ன மனிதரின் பெயரையே ஒரு கிருமிக்குச் சூட்டியிருக்கிறார்கள். நல்ல மரியாதை :-)

மண்ணிலும் தண்ணீரிலும் ஆடுமாடுகளின் சாணத்திலும் சாதாரணமாகக் கிடக்கும் கிருமி இது. ஆரோக்கியமான ஒருவர் வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மிஞ்சிப் போனால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். ஆக, ஊர்க்காரர்கள் சொல்வது முழுப்பொய் இல்லை. அரை உண்மை. அதனால்தான் ஆபத்து.

மீதி அரையைப் பார்ப்போம். பொதுவாக ரத்தத்தில் நுழையும் கிருமியை, உடம்பு தயாரித்து வைத்திருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் பிடித்துவிடும். லிஸ்டீரியா அவற்றுக்குச் சிக்காது. குடல் சுவரைத் துளைத்து நேராக உடம்பின் செல்லுக்குள்ளேயே போய்க் குடியேறிவிடும். அங்கிருந்து பக்கத்துச் செல்லுக்குப் போக வேண்டுமானால் வெளியே வருவதில்லை. செல்லுக்குள் கிடக்கும் புரதத்தையே வாலாகக் கட்டிக்கொண்டு ராக்கெட் மாதிரி உந்திப் பக்கத்து வீட்டுச் சுவரைத் துளைத்துப் போகும். வெளியே காவல் நிற்பவருக்குத் திருடன் கண்ணிலேயே படமாட்டான். இப்படி ஒளிந்திருக்கும் கிருமியைப் பிடிக்க டி-செல் என்ற வெள்ளணுக்கள் வேண்டும். உறுப்பு மாற்று நோயாளிக்குக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாதிரியான மருந்துகளும், ஸ்டீராய்டும், கீமோவும் அடக்கி வைப்பது எதை? அதே டி-செல்களைத்தான். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்கிவிடக் கூடாது என்று போலீஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, திருடன் வந்தால் மருந்துவாழ்மலைக் காற்று பார்த்துக்கொள்ளும் என்றால் எப்படி?

இவர்களுக்கு அது வயிற்றுப்போக்கோடு நிற்காது. ரத்தத்தில் பரவும், மூளைச் சவ்வைத் தாக்கும். சிகிச்சை கொடுத்தும் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணிகளுக்கு லேசான காய்ச்சலாக வந்துபோய், வயிற்றுப் பிள்ளையைக் கொண்டுபோய்விடும். சாப்பிட்டதற்கும் நோய் வருவதற்கும் இடையில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். சில சமயம் 70 நாள்கூட ஆகலாம். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இனிமேல்தான் பலருக்குக் கோபம் வரும் இடம்.

நோயாளி உள்ள வீட்டில் எல்லோரும் திட்டுவது தெருவோரக் கடையை. "கண்ட எடத்துல வாங்கித் திங்காத" என்பது தினசரி உபதேசம். தெருக்கடைத் தண்ணீரிலும் கையிலும் வேறு கிருமிகள் இருக்கலாம், அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் கொதிக்கிற எண்ணெயிலிருந்து எடுத்த பழம்பொரியில் லிஸ்டீரியா உயிரோடு இருக்காது. அதற்குப் பிடித்த இடம், வீட்டிலேயே மிகச் சுத்தமானது என்று எல்லோரும் நம்புகிற அந்த வெள்ளைப் பெட்டி. ஆம், ஃப்ரிட்ஜ். மற்ற கிருமிகளில் பெரும்பாலானவை குளிரில் முடங்கிவிடும். லிஸ்டீரியா 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும். போட்டிக்கு ஆளில்லாத சந்தை அதற்கு! ஃப்ரீசரில் வைத்தால் வளராது, ஆனால் சாகவும் சாகாது. வெளியே எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இது உணவு வழியாகப் பரவும் நோய் என்பதே உலகத்துக்கு உறுதியானது கனடாவில், 1981-ல். கடலோர மாகாணங்களில் 41 பேருக்கு நோய் வந்தது, பெரும்பாலும் கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும். தேடிப் போனால் முட்டைக்கோஸ் சாலட். அந்த முட்டைக்கோஸுக்கு ஆட்டுப் புழுக்கை எரு போட்டிருந்தார்கள். அந்த ஆட்டு மந்தையில் இதே நோயால் ஆடுகள் செத்திருந்தன. அறுவடை செய்த கோஸைக் குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்த கொட்டகையில் வைத்திருந்தார்கள். கெடாமல் இருக்கட்டும் என்று செய்த காரியம் கிருமியை வளர்த்துவிட்டது.

ஒரு நாஞ்சில் நாட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் இட்லி மாவு இருக்கிறது. அதில் பயமில்லை, ஆவியில் வெந்துதான் தட்டுக்கு வரும். நேற்றைய மீன்குழம்பு இருக்கிறது. அதுவும் மறுநாள் நன்றாகக் கொதித்தால் பிரச்சினை இல்லை (ருசியும் கூடும் என்பது தனிக்கதை). பாக்கெட் பாலோ பக்கத்து வீட்டுக் கறவைப் பாலோ, பொங்கக் காய்ச்சித்தான் குடிப்பார்கள். இத்தனை காலம் இந்த மண்ணில் மனிதர்களைக் காப்பாற்றியது ரத்தத்தில் ஓடும் வீரம் என்று நினைக்க வேண்டாம். அன்றன்றைக்குச் சமைத்து, கொதிக்கக் கொதிக்கத் தின்ற பழக்கம் காப்பாற்றியது. அந்தப் பெருமை அடுப்புக்குப் போக வேண்டியது.

ஆனால் அதே தட்டில், முந்தாநாள் அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்த தேங்காய்ச் சட்னி சூடாக்கப்படாமல் வந்து விழுகிறது. கீமோ முடிந்து வந்தவருக்கு வாயெல்லாம் புண், சூடாக ஒன்றும் இறங்கவில்லை என்று நாகர்கோவில் பேக்கரியிலிருந்து ஃப்ரூட் சாலடும் ஐஸ்கிரீமும் வாங்கி வருகிறார்கள், பாசத்தோடு. பார்க்க வருகிறவர்கள் நறுக்கிப் பெட்டியில் அடைத்த பழத்துண்டு கொண்டு வருகிறார்கள். நெஞ்செரிச்சலுக்கு என்று பாண்டோபிரசோல் தினமும் காலையில் உள்ளே போகிறது. வயிற்று அமிலம் ஒரு காவல்தான், அதைக் குறைக்கும் மாத்திரைகள் லிஸ்டீரியா தொற்றின் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் "கேஸ் மாத்திரைதானே" என்று மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிற பழக்கம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் நோய், இந்தியாவில் இல்லை" என்று ஒரு கட்சி கிளம்பும். படித்தவர்களே சொல்வார்கள்.

தென்னாப்பிரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் சும்மா இருந்தார்கள். 2017 நடுவில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்துப் பெரிய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தை மருத்துவர்கள், இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் வழக்கத்தைவிட அதிகமாக வருவதைக் கவனித்துச் சொன்னார்கள். எண்ண ஆரம்பித்ததும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. டிசம்பரில்தான் இது அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் சோவெட்டோவில் ஒரு மழலையர் காப்பகத்தின் குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு வந்தார்கள். அந்தக் காப்பகத்தின் ஃப்ரிட்ஜில் பொலோனி என்ற மலிவான, வேக வைத்து அடைத்து விற்கும் இறைச்சி உருளை. அதில் கிருமி. அங்கிருந்து பிடித்துப் போய், பொலோக்வானே நகரில் டைகர் பிராண்ட்ஸ் குழுமத்தின் என்டர்பிரைஸ் ஃபுட்ஸ் தொழிற்சாலையில் நின்றார்கள். மார்ச் 4-ம் தேதி அமைச்சர் அறிவித்தார். முடிவில் கணக்கு: உறுதியான நோயாளிகள் 1,060, இறந்தவர்கள் 216. உலகத்திலேயே பதிவான மிகப்பெரிய லிஸ்டீரியா பரவல் இதுதான். பாதிக்கப்பட்ட பெரியவர்களில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள் கணிசம். மரபணு வரிசையை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும், கணக்கெடுக்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லாதிருந்தால் இந்த 216 பேரும் "காய்ச்சல்ல போயிட்டாங்க" என்ற கணக்கில் சேர்ந்திருப்பார்கள்.

சரி, நம்ம நாட்டுக் கணக்கு? வணிகவியல் படிக்கும் முதலாண்டுப் பையனுக்குக்கூடத் தெரியும்: பேரேட்டில் எழுதாத கடன் இல்லாத கடன் ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, நாட்டைப் பொறுத்து 10 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 0.1 முதல் 10 பேர் வரை. 140 கோடி மக்களுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். குறைந்த பட்சம் 140 பேர், அதிக பட்சம் 14,000 பேர். இது வெறும் பெருக்கல், உண்மை எண்ணிக்கை ஆகாது. ஆனால் இரண்டு முனைக்கும் இடையில் நூறு மடங்கு இடைவெளி கிடக்கிறது. அந்த இடைவெளிக்குள் இந்தியா எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரு பதிவேடு வேண்டாமா? நாடு முழுக்க நோய்களைக் கண்காணிக்கும் திட்டம் 2004-லேயே ஆரம்பித்தாயிற்று. டெங்கு வரும், எலிக்காய்ச்சல் வரும், நாய்க்கடிகூட அதில் வரும். லிஸ்டீரியாவுக்கென்று தனி வரிசை கிடையாது. மருத்துவ இதழ்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நோயாளிகளின் கதை வந்துகொண்டுதான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சட்டத்துக்கு இந்தக் கிருமியை நன்றாகத் தெரியும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளில் ஐஸ்கிரீம், சீஸ், பனீர் போன்ற பால் பொருட்களில் 25 கிராம் எடுத்துச் சோதித்தால் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் அறவே இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. கோவாவில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனத்தில் லிஸ்டீரியா கிருமி வகைகளைச் சேகரித்து வைக்கும் மையமே உண்டு. ஆக, ஐஸ்கிரீமில் தேடச் சட்டம் இருக்கிறது, சேமித்து வைக்க அலமாரி இருக்கிறது. மனிதனுக்கு வந்தால் எழுதி வைக்க ஒரு கோடு இல்லை!

தேடுகிற இடத்திலும் தவறிப்போக வாய்ப்பு அதிகம். ரத்தத்தைக் கல்ச்சர் வைத்தால் இது குச்சி வடிவக் கிருமியாகத் தெரியும். தோலில் சாதாரணமாக இருக்கும் டிப்தீராய்டு என்ற அப்பாவிக் கிருமியும் அதே சாயலில்தான் தெரியும். அவசரத்தில் "தோல் அழுக்கு கலந்திருக்கும்" என்று ஒதுக்கிவிடுவது உலகெங்கும் நடந்திருக்கிறது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்ததும் வழக்கமாகப் போடும் ஊசி செஃப்ட்ரியாக்சோன். நல்ல மருந்துதான். ஆனால் லிஸ்டீரியா அந்த மருந்துக் குடும்பத்துக்கு இயற்கையிலேயே அடங்காது. அதற்கு வேண்டியது ஆம்பிசிலின். பழைய, விலை மலிவான மருந்து. எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கும் 50 வயது தாண்டியவர்களுக்கும் முதலிலேயே ஆம்பிசிலினைச் சேர்த்துப் போடுங்கள் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு கோ-டிரைமாக்சசோல் இருக்கிறது. கோடி ரூபாய் மருந்து எதையும் யாரும் கேட்கவில்லை. நோயாளியின் வீட்டார் "இவருக்குக் கிட்னி மாத்தியிருக்கு, இந்த மாத்திரை சாப்பிடுறார்" என்று அவசரப் பிரிவில் முதல் வரியிலேயே சொன்னால் மருத்துவரின் யோசனை வேறு பக்கம் திரும்பும்.

நாமக்கல்லில் 2023-ல் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். தமிழ்நாடு முழுக்கக் கடைகளில் சோதனை நடந்தது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடையும் வந்தது. நல்லது, வர வேண்டியதுதான். ஆனால் கவனியுங்கள், இளசாக, ஒரே கடையில், ஒரே ராத்திரியில் பலர் விழுந்தால்தான் இங்கே கேமரா திரும்புகிறது. டயாலிசிஸ் நோயாளி தனியாக, ஒரு ஐ.சி.யு. கட்டிலில், ஆறு வாரம் கழித்து இறந்தால் எந்தக் கடைக்கும் சீல் வைக்கப்படாது. "ஏற்கெனவே சீக்காளி, போய்ச் சேர்ந்துட்டார்" என்று ஊரே ஆறுதல் சொல்லும். "ஏற்கெனவே சீக்காளி" என்ற இந்த இரண்டு வார்த்தை இருக்கிறதே, "ஒண்ணும் செய்யாது" என்பதன் மறுபக்கம். பிழைத்திருப்பவருக்கு ஒன்றும் வராது, செத்தவர் எப்படியும் செத்திருப்பார்! இரண்டுக்கும் நடுவில் கேள்வி கேட்க இடமே இல்லை.

மருத்துவமனைக்குள் இருந்தால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில், வேறு நோய்களுக்காகச் சேர்ந்த ஐந்து பேருக்கு மருத்துவமனையிலேயே லிஸ்டீரியா வந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அங்கே கொடுத்த மில்க்‌ஷேக்கில் சேர்த்த ப்ளூ பெல் ஐஸ்கிரீம்தான் காரணம் என்று 2015-ல் தெரியவந்தது. அந்த நிறுவனம் 2020-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 17.25 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது. பிரிட்டனில் 2019-ல் மருத்துவமனைகளுக்கு வந்த குளிர்ந்த சாண்ட்விச்சுகளால் நோயாளிகள் ஏழு பேர் இறந்தார்கள். மயிலாடிக்காரரும் நாளைக்குத் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ ஒரு கார்ப்பரேட் மருத்துவமனைக் கேன்டீனில் பிளாஸ்டிக் உறையிட்ட சாண்ட்விச் வாங்குவார். அவர் தட்டுக்கும் அந்தத் தட்டுக்கும் இருந்த தூரம் குறைந்துகொண்டே வருகிறது.

இவ்வளவு ஆன பிறகும் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற தாளில் உணவு பற்றி என்ன இருக்கும் என்று பாருங்கள். மாத்திரை வரிசை ஒரு பக்கம் இருக்கும். கீழே பெரும்பாலும் "மென்மையான உணவு, பழங்கள், பால்". அவ்வளவுதான். உப்பு, புளி, எண்ணெய் பற்றிச் சொன்னாலும் சொல்வார்கள். ஃப்ரிட்ஜ் பற்றி? 1838-லேயே நெய்யூரில் மிஷன் மருத்துவமனை ஆரம்பித்த மாவட்டம் இது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, அது அடுக்களை வரைக்கும் நடந்து வரவில்லை.

நடந்து வரக் கால்களும் இருக்கின்றன. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள் பெண் தன்னார்வலர்கள். அப்படி வீட்டுப்படி ஏறுகிற ஒருவர் கையில் ஒரு அட்டை கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? அதில் எழுத வேண்டியதும் அதிகமில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள். சூடாக்க முடியாததை அன்றே அரைத்து அன்றே முடித்துவிடுங்கள். பழத்தை வெட்டும் முன் தோலைக் கழுவுங்கள், வெட்டி வைத்ததை வாங்காதீர்கள். 2011-ல் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து முலாம்பழத்தால் 147 பேருக்கு நோய் வந்து 33 பேர் இறந்தார்கள். தோலில் இருந்த கிருமி கத்தியோடு உள்ளே போகும், பிறகு குளிரில் பெருகும். மட்டிப் பழமும் செவ்வாழையும் இருக்கிற ஊரில் பெட்டிப் பழத்துக்கு ஏன் அலைய வேண்டும்? உரித்தால் போதும், கத்தியே வேண்டாம்.

"இப்படிப் பயமுறுத்தினா மனுஷன் எதைத்தான் தின்பான்?" என்று கேட்பவர்களுக்கு: இது அரிய நோய்தான். அமெரிக்காவிலேயே ஆண்டுக்கு சுமார் 1,250 பேருக்குத்தான் வருகிறது. கல்லூரிப் பையன்கள் தைரியமாக ஃபலூடா சாப்பிடலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த 1,250 பேரில் சுமார் 170 பேர் இறக்கிறார்கள். யார் என்று பார்த்தால் திரும்பவும் அதே பட்டியல்: முதியவர்கள், புற்றுநோயாளிகள், சிறுநீரகம் மாற்றியவர்கள், பிறக்காத குழந்தைகள். பலருக்குப் பொதுவான தைரியத்தைச் சிலர் தலையில் ஏற்றக் கூடாது என்பதுதான் வாதம். பழைய சோற்றைப் பற்றி சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆராய்ச்சி என்று செய்தி வந்த நாளிலிருந்து, கீமோ நோயாளிக்கும் பழங்கஞ்சி கொடுக்கலாம் என்று வாட்சப்பில் அடித்துவிடுகிறார்கள். ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கும் மருந்தாகுமா என்று அவரவர் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

மருந்துவாழ்மலையில் இன்றைக்கும் ஆட்கள் ஏறுகிறார்கள். கிட்னி மாற்றிக்கொண்டவர் ஏறினால் மாஸ்க் போட்டுக்கொண்டு ஏறுவார், அது அவருக்கு மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தது. இறங்கி வந்ததும் வீட்டில் தோசைக்கு எந்தச் சட்னி வைப்பார்கள் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.